எச்சரிக்கை காட்டப்பட்டது

குரோம்பேட்டையில் நான் வேலை பார்க்கும் நிறுவனம் பள்ளிகளுக்கான மென்பொருள் செய்கிறது. வருகைப்பதிவு, மதிப்பெண், ஆசிரியர் விண்ணப்பம் எல்லாம் பிரவுசரிலேயே நடக்கும். சேமிக்காமல் டேபை மூடப் போனால் ஒரு பெட்டி குறுக்கே வரும். நிரப்பியது அழிந்துபோகலாம், வெளியேற ‘லீவ்’, இருக்க ‘ஸ்டே’ என்று ஆங்கிலத்தில் இரண்டு பொத்தான் காட்டும். அதை வரவைத்தவன் நான்.

ஒழுங்காகச் செய்யவில்லை. பக்கத்தில் உண்மையிலேயே ஏதாவது மாறியிருக்கிறதா என்று கட்டம் கட்டமாக ஒப்பிட்டு, மாறியிருந்தால் மட்டும் பெட்டியைக் காட்ட வேண்டும். அதற்கு மூன்று நாள் வேலை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு பள்ளியில் ஒரு வகுப்பின் மதிப்பெண் முழுவதும் போய், தலைமையாசிரியர் போனில் கத்திய வாரம் அது. மூன்று நாள் பொறுக்க யாரும் தயாராக இல்லை. எல்லாப் பக்கத்திலும் எப்போதும் பெட்டி வரும்படி இரண்டு வரி போட்டேன். அது காட்டப்பட்ட நேரம் எங்கள் சர்வரில் பதிவாகும்படியும் செய்தேன். அதன்பின் யார் புகார் அனுப்பினாலும் ஒரே பதில்: “எச்சரிக்கை காட்டப்பட்டது. பயனர் வெளியேறியுள்ளார். மென்பொருளில் குறை இல்லை.” அந்த வாசகமும் என்னுடையதே.

என் மனைவி பல்லாவரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. அங்கேயும் எங்கள் மென்பொருள்தான். அவள் அங்கே இருப்பதை அலுவலகத்தில் நான் சொன்னதில்லை.

“சும்மா பாத்துட்டு மூடினாக்கூட உங்க பாக்ஸ் வருதுங்க,” என்றாள் ஒருநாள். “ஸ்டாஃப் ரூம்ல என்ன சொல்றாங்க தெரியுமா? நம்ம ஸ்கூல்ல கேக்காமலே லீவ் குடுக்கறது அந்த பாக்ஸ் ஒண்ணுதானாம். ‘லீவ்’னு இருக்கறத அமுக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கோம்.”

“பழகிடும்,” என்றேன். தினமும் எழுதும் நாட்குறிப்பில் அதையும் எழுதியிருக்கிறேன்.

பழகித்தான் போனது. பள்ளியில் துணை முதல்வர் பதவி காலியானது. பதினெட்டு வருடமாக அங்கே இருப்பவள் அவள். விண்ணப்பத்துக்குக் கடைசி நேரம் சனிக்கிழமை மாலை ஐந்து. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மதியம் ஒன்றரைக்கு உட்கார்ந்தாள். பள்ளியை எப்படி நடத்துவீர்கள் என்ற கடைசிக் கேள்விக்கு மட்டும் இரண்டு பக்க அளவுக்கு எழுதினாள். நடுவில் வருகைப்பதிவு டேபை மூடப் போனவள் பக்கத்திலிருந்த விண்ணப்ப டேபின் பெருக்கல் குறியைத் தொட்டுவிட்டாள். பெட்டி வந்தது. கை தானாக ‘லீவ்’ மேல் போனது. மணி 4.17.

“ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்.”

மூடிய டேபைத் திரும்பத் திறந்தேன். பக்கம் வந்தது. கட்டங்கள் எல்லாம் காலி.

நினைவிலிருந்து மறுபடி அடித்து 4.58க்கு அனுப்பினாள். கடைசிக் கேள்விக்கு நான்கு வரி.

திங்கட்கிழமை அவள் தாளாளரிடம் போய் ஒரு நாள் அவகாசம் கேட்டாள். மென்பொருள் கோளாறு என்று கம்பெனி ஒப்புக்கொண்டால் தருகிறேன் என்று அவர் எங்கள் அலுவலகத்துக்கு எழுதினார். அன்று ஆறாவது புகாராக அது என் மேசைக்கு வந்தது. பெயர் இல்லை, பணியாளர் எண் மட்டும். அந்த எண் எனக்குத் தெரியும்.

என்னைவிடப் பத்து வயது இளைய மேனேஜர் பின்னால் நின்று பார்த்தான்.

“வார்னிங் வந்திருக்கா சார்?”

“வந்திருக்கு.”

“அப்புறம் என்ன, ரெகுலர் ரிப்ளை போட்டுடுங்க.”

பெட்டி தேவையில்லாமல் நாளெல்லாம் வருகிறது, அதனால்தான் யாரும் படிப்பதில்லை, குறை எங்களுடையது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். எழுதினால் அந்த இரண்டு வரி யாருடையது என்று கேட்பார்கள். வழக்கமான பதிலை அனுப்பினேன்.

மாலை தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். வேளச்சேரி சாலை சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து சொன்னாள்.

“டைம் தரமாட்டாங்களாம். லெட்டர படிச்சே காட்டினாரு. ஒரு பாக்ஸ படிக்காதவங்க ஸ்கூல எப்படிப் பாத்துப்பீங்கன்னு வேற கேட்டாரு.”

நான் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“யாருங்க எழுதினது?”

“ஆபீஸ்லேர்ந்துதான்.”

“ஆபீஸ்னா?”

“நான்தான்.”

தோளிலிருந்து கையை எடுத்துப் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பதவி வேறொருவருக்குப் போனது.

அடுத்த வாரம் அந்த மூன்று நாள் வேலையைச் செய்து முடித்தேன். இப்போது ஏதாவது மாறியிருந்தால்தான் பெட்டி வருகிறது. அவளிடம் சொன்னேன். “சரி,” என்றாள். இப்போது எதையும் முதலில் நோட்டில் எழுதிவிட்டுத்தான் அடிக்கிறாள். நான் அந்தப் பக்கம் போனால் நோட்டை மூடிவிடுகிறாள்.

இதை எழுதுவதற்காக அந்தத் திங்கட்கிழமைக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில், கோணாமல், ஒரே ஒரு வரி இருக்கிறது: “புகார்கள் ஆறு. பதில்கள் ஆறு. நிலுவை இல்லை.”