மஸ்தான் பாயிடம் மிஞ்சிய சொல்

மஸ்தான் பாயைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் "பாவம், வாய் போயிருச்சு" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது. வாய் எங்கே போனது? ஒரு சொல் பாக்கி இருந்தது. அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு மனிதர் மாதக் கணக்கில் மன்றாடினார். அது எங்களுக்குத்தான் விளங்கவில்லை.

நல்லம்பள்ளியில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் அவருக்கு பைக் சீட் தைக்கிற கடை. அதை ஒட்டினாற்போல் என் கடை. மோட்டார் காயில் கட்டுகிறேன், பெயர் மாதவராஜ். பாய்க்கு நான் ராஜு. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்தால் அவர் ஷட்டரை இறக்கிவிடுவார். அந்தச் சத்தம் கேட்டதும் நானும் இறக்கிவிடுவேன். எவன் மோட்டார் எரிந்தாலும் எனக்கென்ன, சனிக்கிழமை வரட்டும். தூண்டில் ராடையும் ரீலையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஏரிக்குப் போய்விடுவோம்.

முன்பெல்லாம் உயிர்த் தவளையை முள்ளில் குத்தித்தான் விரால் பிடித்தோம். ஒருநாள் பாயின் மனைவி ஜான் பீ அந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டாள். முள்ளில் கோத்த தவளை ஒன்று இன்னும் காலை உதைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை. மறுநாளும் தின்னவில்லை. மூன்றாம் நாள் பாய் என்னிடம் வந்து, "ராஜு, இனிமே ரப்பர்தான்" என்றார். பெண்டாட்டிக்காகத் தூண்டிலை மாற்றின ஆள் இந்த ஜில்லாவிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார் என்று நான் கிண்டல் செய்தேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ரப்பர் இரைக்கு முள் மாட்டுவது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். ரப்பர் புழுவுக்கு வளைந்த முள். மூக்கில் குத்தி, தாடையில் வெளியே எடுத்து, முள்ளைத் திருப்பி, அப்புறம் வயிற்றில் ஏற்றி, முனையை முதுகுத் தோலுக்குள் ஒளித்து வைக்க வேண்டும். முனை வெளியே தெரிந்தால் பாசி மாட்டும். உடம்பு ஒரு நூல் கோணினாலும் தண்ணீரில் பம்பரம் மாதிரி சுற்றும். பாய் சீட் தைக்கிற கையாலேயே அதைக் கோப்பார், நேர்த் தையல். ரப்பர் மீனுக்கு வேறு முள், ஈயத்தலை வைத்தது. அதைப் போட்டுவிட்டு ஒரே சீராகச் சுற்றினால் போதும், வால் தானாக ஆடும். புழுவை அப்படி இழுக்கக் கூடாது. தூக்கி, விழவிட்டு, மறுபடி தூக்க வேண்டும்.

தவளைதான் எனக்கு எமன். ரப்பர் தவளைக்கு முதுகோடு படிந்த இரட்டை முள். அல்லி இலை மேல் குதிக்க வைத்து, இலைக்கு இலை நடுவில் தண்ணீர் தெரிகிற இடத்தில் நிறுத்த வேண்டும். விரால் அடியிலிருந்து வந்து 'டமார்' என்று அடிக்கும். தண்ணீர் வெடித்த கணத்தில் எவனாக இருந்தாலும் கை தானாக இழுத்துவிடும். இழுத்தால் போச்சு. தவளை பறந்து வந்து மூஞ்சியில் அடிக்கும். விரால் அதை வாயில் வாங்கி, மூடி, தலையைத் திருப்பிக் கீழே போகிற வரைக்கும் பொறுக்க வேண்டும்.

பொறுமை என்பது எனக்கு மருந்துக்கும் கிடையாது. அதனால் பாய் என் பக்கத்திலேயே நிற்பார். தண்ணீர் வெடித்ததும் என் தோளில் கை வைத்து, மெல்லிய குரலில், "வுடு... வுடு... வுடு..." என்பார். அப்புறம், "இழுடா!" என்று ஒரு கத்து. அந்த 'வுடு'வுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அர்த்தம்தான். விட்டுவிடு என்று இல்லை. பொறு, அவசரப்படாதே, அது உனக்குத்தான் வரப்போகிறது என்று அர்த்தம்.

போன வருஷம் ஆடி மாதம், தையல் மெஷினிலேயே சாய்ந்தார். நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். வலது கை, வலது கால், வாய் மூன்றும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் சில நாள் கழித்து வாய் திறந்தார். நான் அப்போது மருந்து வாங்கப் போயிருந்தேன். ஜான் பீயும், துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு முனியம்மாளும் கூட இருந்தார்கள். பாய் சொன்ன முதல் சொல் குழறிக்கொண்டு வந்திருக்கிறது. முனியம்மாள் உடனே, "வூடு, வூடுங்கறாரும்மா. வூட்டுக்குப் போவணுங்கறாரு பாவம்" என்று சொல்லிவிட்டாள். இன்னும் கொஞ்ச நாள் வைத்திருங்கள் என்று டாக்டர் சொன்னார். ஜான் பீ கேட்கவில்லை. கட்டினவர் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் வார்த்தை ஆயிற்றே என்று கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அதே சொல் வந்துகொண்டிருந்தது. வீட்டில்தானே இருக்கிறார், இன்னும் என்ன வூடு? அப்போதுதான் அது வூடு இல்லை, வுடு என்று ஜான் பீக்குத் தெரிந்தது. தெரிந்தது இன்னும் மோசமாகப் போயிற்று. கையைத் தூக்கி நீட்டச் சொல்லி ஆஸ்பத்திரியில் பயிற்சி கற்றுக்கொடுத்திருந்தார்கள். அவள் கையைத் தூக்கும்போதெல்லாம் "வுடு". கஞ்சி ஊட்டினால் "வுடு". நிமிர்த்தி உட்கார வைத்தால் "வுடு". என்னை விட்டுவிடு, நான் போகிறேன் என்று சொல்வதாக அவள் எடுத்துக்கொண்டாள். பொம்மிடியில் கட்டிக்கொடுத்த மகள் ஹுமேராவிடம்கூட இதைச் சொல்லவில்லை. பயிற்சியை மட்டும் நிறுத்திவிட்டாள். சாகக் கேட்கிற மனிதனை எதற்காக வதைப்பது என்று அவள் நினைப்பு.

நான் தினமும் சாயங்காலம் போவேன். ஆள் வந்தால் பாய் வாயை இறுக்கிக்கொள்வார். கோணின வாயைக் காட்ட வெட்கம். நான் பாட்டுக்கு யார் வண்டி சீட் கிழிந்தது, யார் மோட்டாரில் எலி கடித்தது என்று பேசிவிட்டு வருவேன். அந்தச் சொல் என் காதில் விழவே இல்லை.

தை பிறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பேச்சு எதுவும் கிடைக்காமல் அவருடைய ரப்பர் டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு புழுவை எடுத்து முள்ளில் ஏற்றினேன். என் அவசரம்தான் தெரியுமே. வயிற்றைக் கிழித்துவிட்டேன். இன்னும் அழுத்தினேன்.

"வுடு" என்றார் பாய்.

நான் யோசிக்கவே இல்லை. கை தானாக நின்றுவிட்டது. "சரி பாய், சரி, மெதுவாவே ஏத்தறேன்" என்றேன். அவர் கண் அப்படி விரிந்தது. இடது கையால் என் முழங்காலைத் தட்டினார்.

திரும்பிப் பார்த்தால் ஜான் பீ டீயோடு வாசற்படியில் நிற்கிறாள். கண்ணில் நீர் கொட்டுகிறது. "உங்ககிட்டயும் சொல்லிட்டாராங்க ராஜண்ணா?"

"என்ன சொன்னாரு?"

"வுட்டுடுன்னு. எங்கிட்ட நாள் பூரா அதேதாங்க. என்னெ வுட்டுடு, நான் மௌத்தாயிடறேன்னு கேக்கறாரு. நான் எப்பிடிங்க வுடுவேன்?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அவள் மேலா, என் மேலா, அந்தச் சொல் மேலா என்று தெரியவில்லை. கத்திவிட்டேன். "ஏந் தங்கச்சி, உங்க வூட்டுல என்ன பாஷை பேசறீங்க?"

"உருதுதாங்க."

"உங்கிட்ட என்னெ வுட்டுடுன்னு சொல்லணும்னா உங்க பாஷையில இல்ல சொல்லுவாரு? 'சோடோ'ம்பாரா, 'வுடு'ம்பாரா? இது ஏரிக்கரை வார்த்தை தங்கச்சி. எங்கிட்ட சொல்ற வார்த்தை. வெடுக்குனு இழுக்காத, பொறுன்னு அர்த்தம்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். பாயைப் பார்த்தாள். பாய் தலையை மேலும் கீழும் ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார், நிறுத்தவில்லை.

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், மடையன். ஜான் பீ தலையில் அடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். "ஆரம்ப மாசங்கதான் முக்கியம்னு அந்தப் பயிற்சிப் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சுங்க. கை மடங்கிப் போச்சே அண்ணா. மெதுவாத் தூக்குன்னு கேட்டவரெ, தூக்காமயே போட்டுட்டேனே. யா அல்லா, இவரு பொழைக்கணும்னு இல்ல கெஞ்சியிருக்காரு!"

பாய் இடது கையை நீட்டி அவள் முக்காட்டைத் தொட்டார். "வுடு" என்றார். அந்த வுடுவுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அழாதே என்றுதான் இருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆட்டோ வைத்து மூன்று பேரும் ஏரிக்குப் போனோம். கரையில் பிளாஸ்டிக் சேர் போட்டுப் பாயை உட்கார வைத்தேன். தவளையை நான் வீசினேன். பாய் என் கையிலிருந்த ராடைக் காட்டி, அப்புறம் ஜான் பீயைக் காட்டினார். அவள் கூச்சப்பட்டாள். "எனக்கு என்னங்கண்ணா தெரியும்" என்றாள். வாங்கிக்கொண்டாள். நான் சொன்னபடி இலை மேல் குதிக்க வைத்து, இடைவெளியில் நிறுத்தினாள். உயிர்த் தவளைக்காகப் பட்டினி கிடந்தவள், அந்த ரப்பர் பொம்மையை அத்தனை பதமாக நடத்திப் போனாள்.

டமார்!

தண்ணீர் வெடித்தது. நல்ல பெரிய விரால். ஜான் பீயின் கை துள்ளியது.

"வுடு" என்றார் பாய். குழறல் இல்லை. சுத்தமாக வந்தது. "வுடு... வுடு..."

அவள் அசையவில்லை. என்னை மாதிரி இல்லை அவள். உதட்டைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். தூண்டில் நரம்பு இறுகி, பக்கவாட்டில் நகர்ந்து, கீழே போக ஆரம்பித்தது. இதுதான் நேரம். அவள் பாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். எனக்குத் தெரியாதா, என் நாக்கு நுனியில்தான் அந்த 'இழு' நின்றது. ஆனால் அது அவர் சொல்ல வேண்டியது. வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று இருந்தேன். பாயின் கழுத்து நரம்பு புடைத்தது. உதடு கோணிக்கொண்டு துடித்தது.

"வு... வுடு" என்றார்.

தூண்டில் நரம்பு தளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் தவளை வெறுமனே மேலே வந்து மிதந்தது. பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஜான் பீ ராடைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். "போவட்டுங்க. மீன் போனாப் போவட்டும். நீங்க சொன்னது எனக்குப் புரிஞ்சுது, அது போதும்" என்றாள். ஏனோ அதைத் தமிழில்தான் சொன்னாள்.

அதற்கப்புறம் அவள் பயிற்சியை விடவில்லை. அவர் வுடு என்றால் நிறுத்துவாள், பொறுப்பாள், மறுபடி மெதுவாகத் தூக்குவாள். பங்குனியில் வலது கைக் கட்டைவிரல் லேசாக அசைந்தது. எனக்கு ஆள் அனுப்பிக் காட்டினாள். நான் போய்ப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்து ஷட்டருக்குப் பின்னால் நின்று அழுதேன்.

சித்திரையில் மறுபடி ஒரு தடவை தாக்கியது. இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் கை விரித்துவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஜான் பீ அசையவில்லை. "அவரு வூடு வேணும்னு கேக்கலீங்க" என்றாள். அவர் எதுவுமே கேட்கவில்லை, வாய் திறக்கவே இல்லை. அங்கேயே கை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையில் போய்விட்டார்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, வாசலில் ஜனாஸாக் கட்டிலைத் தூக்கினார்கள். ஜான் பீ அந்தக் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. பிடித்த பிடியை மட்டும் விடவில்லை. தோள் கொடுத்தவர்கள் திகைத்து நின்றார்கள். முனியம்மாள் ஓடி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வுடு ஆத்தா. வுடு... வுடு..."

ஜான் பீ நிமிர்ந்தாள். கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தாள். "ராஜண்ணா, வுடுன்னா இழுக்காத, பொறுன்னுதானேங்க?"

"ஆமாந் தங்கச்சி" என்றேன். "பொறுன்னுதான்."

தூக்கினவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜனாஸாவைக் கீழே இறக்கினார்கள். அவள் பிடித்தபடியே நின்றாள். எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று சொல்லக்கூடியவர் அந்தத் துணிக்குள் படுத்திருந்தார். கடைசியில் அவளே கையை எடுத்தாள்.