வெயிலுகந்தம்மாள் கேட்ட முதுகெலும்பு

வெயிலுகந்தம்மாளுக்கு எதையும் பிரித்துப் பார்த்தால்தான் மனம் ஆறும். கல்யாணமான புதிதில் கணவன் ஆசையாக வாங்கித் தந்த டிரான்சிஸ்டரை மறுநாளே திருகாணி கழற்றிப் பாயில் பரப்பியவள் அவள். "உள்ள இருந்து யாரு பேசுதாங்கன்னு பாத்தேன்" என்றாள். சோலைமுத்து தலையில் அடித்துக்கொண்டான்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் புரட்டாசியில் ஒருநாள், இடைசெவலுக்கு மேற்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சோலைமுத்து, குட்டிகளுக்குத் தழை ஒடிக்க வேப்பமரத்தில் ஏறினான். கிளை முறிந்தது. மல்லாந்து விழுந்தவனுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை.

"தண்டுவடம் அடிபட்டிருக்கும்மா. கால் திரும்ப வராது. புண் வராம ரெண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போடு" என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டர். தண்டுவடம் என்றால் என்ன? அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஊர் அதை நம்பவில்லை. எலும்புதானே முறிந்தது? ஆட்டுக்குக் கால் ஒடிந்தால் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி நடக்க வைக்கிறவர்கள் அவர்கள். மனுஷன் எலும்பு மட்டும் கூடாமலா போகும்? எண்ணெய்க் கட்டு மேல் எண்ணெய்க் கட்டாகப் போட்டார்கள். மூன்று மாதம் ஓடியது.

ஒருநாள் காலையில் சோலைமுத்துவின் வலது கால் தானாகத் துள்ளியது.

"லேய் தம்பி! கால் வந்துட்டுலே!" என்று கத்தினார் அண்ணன் பரமசிவன். சோலைமுத்து தலையைத் தூக்கிக் காலைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான்.

"நரம்பு முழிச்சிட்டு. வார செவ்வாக்கெழமை கம்பியப் பழுக்கக் காய்ச்சி ரெண்டு இழுப்பு இழுத்தா எந்திரிச்சு நடந்திருவான். படுத்த மாட்டுக்குச் சூடு போட்டு நான் எழுப்பலையா?" என்றார் பரமசிவன்.

வெயிலுவுக்கும் கண் நிறைந்தது. தாலிக்கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆனாலும் ஒன்று உறுத்தியது. கால் துள்ளியதை அவனும் மற்றவர்களைப்போலக் கண்ணால் பார்த்துத்தானே தெரிந்துகொண்டான்?

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போனாள். கறிக்கடைச் சுடலைமணி, இவர்கள் மந்தையில் வழக்கமாகக் கிடாய் பிடிக்கிறவர்.

"அண்ணாச்சி, முதுகெலும்பு வேணும். துண்டு போடாதீங்க. நீளவாக்குல பொளந்து குடுங்க."

"அப்பிடி என்ன கொழம்பு வைக்கப் போற தாயி?"

"கொழம்புக்கு இல்ல. பாக்கதுக்கு."

சிரித்துக்கொண்டே பிளந்தார். எலும்புகளுக்கு நடுவே குழாய்போல ஒரு வழி. அதற்குள் வெள்ளையாக ஒரு சரடு. விரலால் அழுத்தினாள். வெண்ணெய்போல நசுங்கியது.

"இது எதுவரைக்கும் போவுது அண்ணாச்சி?"

"மேல மூளைவரைக்கும் போவும். ரெண்டும் ஒரே சாமான்தான்."

எலும்பு கூடிவிடும். இது நசுங்கினால் எதை வைத்துக் கட்டுவது?

"அப்ப அவிய கால் எப்பிடித் துள்ளுது?"

சுடலைமணியின் சிரிப்பு அடங்கியது. "அறுத்த பொறவும் தொடைச்சதை துடிக்கதில்லையா? அது மாதிரியோ என்னமோ, எனக்குத் தெரியல. எங்க நாகலாபுரத்துல வேணுகோபாலுன்னு ஒருத்தர், கிணத்துல விழுந்து எட்டு வருசமா இப்பிடித்தான் இருக்காரு. பெட்டிக்கடை நடத்துதாரு. அவரக் கேளு."

அதற்குள் செவ்வாய் வந்துவிட்டது. பரமசிவன் அடுப்பில் கம்பியைச் சொருகிவிட்டார்.

"அத்தான், ஒரு நிமிசம்" என்று பரமசிவனைத் தடுத்த வெயிலு, கணவன் கண்ணைத் துண்டால் கட்டினாள். "தொடத் தொடச் சொல்லுங்க."

தோளைத் தொட்டாள்.

"தோளு."

தொப்புளுக்கு மேலே தொட்டாள்.

"வயிறு. கூசுதுட்டி!"

உள்ளங்காலை நகத்தால் கீறினாள். கால் வெடுக்கென்று துள்ளியது. கூடியிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

துண்டுக்குள்ளிருந்து சோலைமுத்து கேட்டான்: "ஏட்டி, இன்னும் தொடலையா?"

அவனே துண்டை இழுத்துக் கழற்றி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"சூடு வச்சாலும் உங்களுக்குத் தெரியாது" என்றாள் அவள். "புண்ணு மட்டும் நிக்கும். படுத்துப் படுத்து வந்த இடுப்புப் புண்ணே இன்னும் ஆறல."

பரமசிவன் கம்பியை உருவித் தண்ணீரில் போட்டார். முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

இரண்டு நாள் சோலைமுத்து சுவரைப் பார்த்தே கிடந்தான். மூன்றாம் நாள் அவளிடம் கேட்டான்: "நீ சொன்னியே, அந்த நாகலாபுரத்து ஆளு, எட்டு வருசமா எப்பிடிட்டி இருக்காரு?"

பரமசிவன்தான் வேன் பிடித்து, மெத்தை விரித்து அழைத்துப் போனார். வேணுகோபால் மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்து சர்பத் கலக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்குந்தான் துள்ளும் தம்பி" என்று தம் கால்களைக் காட்டினார். "காலையில எனக்கு முன்னால அவிய ரெண்டு பேரும் எந்திரிச்சிருவாவ. என்னையக் கேக்கதே கிடையாது."

சோலைமுத்து மனைவியைத் தள்ளி நிற்கச் சொன்னான். பிறகு, மூன்று மாதமாக யாரிடமும் கேட்கக் கூசியதைத் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அண்ணாச்சி, நீங்க வெளிக்கி எப்பிடிப் போறீங்க?"

வேணுகோபால் தம்ளரைக் கீழே வைத்தார். "இதுதான் கேள்வி! சொல்லுதேன். வீட்டம்மாவையும் கூப்பிடுங்க, அவியளும் கேக்கணும்."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. வெயிலு தட்டிக்குப் பின்னால்தான் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.