நகர்த்தாத ஏணி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஜாலான் புசார் வட்டாரத்தில் மூத்தோர் கூடும் பழைய மண்டபம் ஒன்றில் நடந்தது இது.

பொதுக் கட்டடங்களைச் சோதிப்பது என் வேலை. அந்த மண்டபத்தின் கூரை, எடை குறைந்த பழைய கான்கிரீட் பலகைகளால் ஆனது. ரொட்டி போல உள்ளே காற்றுக் குமிழிகள் இருக்கும். வயதாகி ஈரமும் ஏறிவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் விழும். முந்தைய வருடம் அதைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவள் நான்தான். இந்த முறை, மதுரையிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த ஒரு தம்பியையும் என்னோடு அனுப்பினார் மேலாளர்.

அவனைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். பதினாறு வருடமாக என் அறிக்கைகளை ஒரு வார்த்தை பாராட்டாத மேலாளர், அவன் எழுதியதைக் கூட்டத்தில் எல்லாருக்கும் காட்டினார்.

அன்று ஒவ்வொரு பலகையையும் நடுவில் பார்த்துவிட்டு இறங்கி, அது சுவரில் உட்காரும் முனைக்கு ஏணியைத் தள்ளி மறுபடி ஏறினான். "தம்பி, இப்படிப் பாத்தா தீபாவளியே வந்துடும் லா," என்றேன். சிரித்துக்கொண்டே நகர்த்தினான். கூரையில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். கீழே உட்காரப் போகிறவர்களுக்காக அல்ல, அவன் மூக்குடைபட வேண்டும் என்பதற்காக.

மூலையிலிருந்து கூப்பிட்டான். ஏறிப் பார்த்தேன். அவன் ஸ்க்ரூடிரைவரை அழுத்தியதும், டீயில் நனைந்த பிஸ்கட்டில் போவது போல முனை உள்ளே போனது. பலகை சுவரில் உட்கார்ந்திருந்ததே இரண்டு விரல் அகலம்தான். நேர் கீழே, மதியச் சாப்பாட்டுக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள்.

"அக்கா, போன வருஷம் இந்த மூலையில அலமாரி ஏதாவது இருந்திருக்கும். ஏணி போட முடிஞ்சிருக்காது," என்றான் மெதுவாக.

அலமாரி எதுவும் இருக்கவில்லை. ஏணியை நகர்த்தச் சோம்பல்பட்டு, நடுவில் மட்டும் பார்த்துவிட்டுப் போயிருந்தேன். அவன் காட்டிய வழியில் தப்பித்திருக்கலாம். ஆனால் தப்பித்தால், நான் பார்த்த மற்ற கட்டடங்களின் முனைகளை யாரும் திரும்பப் பார்க்கப் போவதில்லை. அங்கேயே நின்று மேலாளருக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். சாப்பாட்டுக்கு முன்பே மண்டபத்தைப் பூட்டினார்கள். என் கட்டடங்களை எல்லாம் அவனே மறுபடி சோதிக்க வேண்டும் என்று முடிவானது.

பொறாமை தீர்ந்துவிட்டதென்று பொய் சொல்ல மாட்டேன். அவனை யாராவது பாராட்டினால் இன்றும் சுருக்கென்கிறது. ஆனால் ஏணியில் நின்று 'இது போதும்' என்று தோன்றும்போதெல்லாம் அந்தக் காலி நாற்காலிகள் நினைவுக்கு வந்துவிடுகின்றன. இறங்கி, இன்னொரு முறை நகர்த்துகிறேன்.