கூட இறங்க ஒருவர்

எங்கள் சுழியோடிகள் கழகத்தில் ஒரு விதி உண்டு. தனியாக எவரும் கடலுக்குள் இறங்கக்கூடாது. நானும் என் கூட்டாளியும் அதோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டோம். சிலிண்டரை முதுகில் ஏற்றுமுன் மனதில் ஏதும் கிடக்கிறதா என்று ஒருவரையொருவர் கேட்போம். கிடந்தால் அன்றைக்கு இருவருமே இறங்குவதில்லை. குழம்பிய மனதோடு கீழே போனால் மூச்சு தாறுமாறாகிவிடும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு காங்கேசன்துறைக் கடலில் குப்பை எடுப்போம். குப்பை என்றால் பெரும்பாலும் வலைதான். அறுந்துபோன தங்கூசி நைலோன் வலைகள் கடலடி முருகைக்கல் பாறையில் சிக்கி, ஆளில்லாமலே மீன் பிடித்துக்கொண்டு கிடக்கும். கூட்டாளி வெட்டுவான். வலை அவனைச் சுற்றிவிடாமல் நான் பிடித்திருப்பேன். கீழே பேச முடியாது. பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கிக் காட்டினால் 'சரியா?' என்று கேள்வி. அதே வளையம்தான் பதிலும். சரியில்லாதவன் அதைக் காட்டவே கூடாது, உயிர் போகிற விஷயம்.

மேலே வந்தால் எரிச்சல்தான் மிச்சம். போன மாதம் துப்புரவாக்கிய இடத்தில் மறுபடி யோகட் கப்பும் போத்தலும் கிடக்கும். முகநூலுக்குப் படம் எடுக்க வந்தவர்கள் இரண்டாம் மாதம் தலைகாட்டுவதில்லை. உருப்படியாக வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள். கடைசியில் இறங்கத் தெரிந்தவர்களாக மிஞ்சியது நாங்கள் இருவர்தான்.

அந்த ஞாயிறும் வழக்கம்போல் கேட்டேன்.

"மனசிலை ஏதும் கிடக்கோ மச்சான்?"

"ஒண்டுமில்லை. வா."

பெரிய வலை. அதற்குள் ஓர் ஆமை செத்துக் கிடந்தது. அவன் வழக்கத்தைவிட மெதுவாக வெட்டினான். கடைசிக் கயிறு அறுந்த பிறகும் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வளையம் காட்டினேன். அவன் திருப்பிக் காட்டவில்லை. மேலே போவோம் என்று பெருவிரலை மட்டும் உயர்த்தினான்.

படகில் ஏறி முகமூடியைக் கழற்றிய பிறகுதான் சொன்னான்.

"கனடா விசா வந்திட்டுது. வியாழக்கிழமையே வந்தது. சொன்னா நீ இறங்க விட்டிருக்கமாட்டாய். கடைசியா ஒருக்கா உன்னோடை இறங்கோணும் எண்டு நினைச்சன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவனைத் திரும்பக் கடலில் தள்ளியிருப்பேன். "உனக்கு அறிவிருக்கோடா? வலைக்குள்ளை மாட்டியிருந்தா என்ன செய்வாய்?" என்று கத்தினேன். கத்தியது வலையைப் பற்றி. அழுகை வந்தது அவன் போகப்போகிறான் என்பதற்கு.

அவன் போன பிறகும் மாதத்தில் ஒரு ஞாயிறு போகிறேன். கரையில் ஒதுங்கும் போத்தல்களைப் பொறுக்கிச் சாக்கில் போடுகிறேன். என் சிலிண்டர் வீட்டுக் குசினி மூலையில் கிடக்கிறது. புதிதாக ஒருவரைப் பழக்கலாமே என்கிறார்கள். இதுவரை பழக்கியவர்கள் எல்லாம் எங்கே என்று திருப்பிக் கேட்கிறேன். கரையிலிருந்து பார்க்கக் கடல் சுத்தமாகத்தான் தெரிகிறது. கீழே என்ன கிடக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

போன ஞாயிறு நான் கரையில் நிற்கும்போது அவன் வீடியோவில் அழைத்தான். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறானாம். தொப்பியெல்லாம் பனி.

"இண்டைக்கு இறங்கினியோ மச்சான்?"

அவன் சிரித்தபடி கையுறையைக் கழற்றி, விரல்களை வளையமாக்கிக் காட்டினான். கையிலிருந்த சாக்கைக் கீழே வைத்தேன். ஆனாலும் கை எழும்பவில்லை. அவன் வளையத்தை இறக்காமல் காத்திருந்தான்.

"என்ன, அசையிறாயில்லை? லைன் பிரச்சினையோ?"

"ஓம்," என்றேன். "லைன்தான் சரியில்லை."