ஏழு துண்டுப் பாவாடை

தையல்கடைக்காரியைத் தெருவே கத்திரியக்கா என்றுதான் கூப்பிடும். வெட்டுவதில் கைக்கும் வாய்க்கும் போட்டி. புருஷனைப் பறிகொடுத்த நாத்தனார் பெட்டியோடு வந்து நின்றபோதும், "இருக்கட்டும், பட்டனுக்குக் காஜா எடுக்க ஆள் வேணும்" என்று ஒரே வரியில் பேச்சை முடித்துவிட்டாள்.

வந்தவள் சும்மா இருக்கவில்லை. ஏழு துண்டுகளை மேலே ஒடுக்கிக் கீழே அகட்டி இணைக்கும் பாவாடை ஒன்றை வெட்டிக் காட்டினாள். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. அதன்பின் கடையில் வேறு தையலே இல்லை.

இடுப்பளவை ஏழால் வகுத்தால் ஒரு துண்டின் மேல் அகலம். கத்திரியக்கா கால்குலேட்டரைத் தட்டினாள். முப்பதுக்கு 4.2857142. முப்பத்தாறுக்கு 5.1428571. முப்பத்தெட்டுக்கு 5.4285714. புள்ளிக்குப் பின்னால் அதே எண்கள், அதே வரிசை; தொடங்கும் இடம் மட்டும் வேறு. கால்குலேட்டரை அணைத்துவிட்டு மறுபடி தட்டினாள்; அதேதான். குண்டோ ஒல்லியோ, யார் வந்தாலும் கூடவே வருகிறதே!

எண் ஜோசியரிடம் ஓடி எண்களை ஒப்பித்தாள்.

"முப்பத்தஞ்சு இடுப்புக்கு மட்டும் வரலைங்க. அஞ்சோட நின்னுடுச்சு."

"அன்னிக்கு நல்ல நாளா இருந்திருக்கும்" என்றார் அவர், கண்ணைக்கூட இமைக்காமல். இப்படிப் பதில் சொல்லப் படிப்பு தேவையில்லை. எதிரே பயந்த ஆள் இருந்தால் போதும். "எப்பலேர்ந்து இது?"

"நாத்தனா வந்ததுலேர்ந்து."

"அப்புறம் என்னை ஏம்மா கேக்குறே?"

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நீ வேற இடம் பாத்துக்கோ. உன் ராசி சரியில்ல."

நாத்தனார் ஊசியைத் துணியில் குத்திவைத்தாள். "நான் என்ன பண்ணேன் அண்ணி?"

கத்திரியக்கா அவள் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். நாத்தனார் அதை எடுத்துக்கொண்டு போய், துணி கம்பெனி ஒன்றில் தைக்கச் சேர்ந்து, அதன் விடுதியிலேயே தங்கிவிட்டாள்.

மறுநாள் கால்குலேட்டர் உயிரை விட்டது. வேறு வழியில்லாமல் கத்திரியக்கா வெட்டுமேசை மேலேயே சாக்கட்டியால் வகுக்கத் தொடங்கினாள். முப்பதில் நாலேழு இருபத்தெட்டு போக மீதி இரண்டு. பூஜ்யம் சேர்த்து வகுத்தால் மீதி ஆறு. பிறகு நாலு, ஐந்து, ஒன்று, மூன்று. அடுத்து மறுபடி இரண்டு!

மீதிகளை விரல்விட்டு எண்ணினாள். ஏழால் வகுக்கும்போது மீதி ஏழைத் தொட முடியாது. மீதியே இல்லையென்றால் முப்பத்தைந்து மாதிரி நின்றுவிடும்; இருந்தால் ஒன்றிலிருந்து ஆறுவரைதான் அதற்கு இடம். ஆறும் தீர்ந்தால் பழையதே திரும்பி வரவேண்டும். அது வந்தால் விடையும் பழையபடியே சுற்றும். அதே முப்பதை எட்டால் வகுத்துப் பார்த்தாள். 3.75. பிசாசு மாதிரி தொடர்ந்த எண்களைக் காணவே காணோம். ராசியாவது மண்ணாவது! வெறும் வகுத்தல் கணக்குக்காக ஒரு மனுஷியையா வாசலுக்கு வெளியே தள்ளினோம்?

கடையைப் பூட்டாமலே கம்பெனி வாசலுக்கு ஓடினாள்.

"வா, வீட்டுக்குப் போலாம். உன் மேல தப்பு ஒண்ணுமில்ல. ஏழால சரியா வகுபடாத எதை வகுத்தாலும் அப்படித்தான் வரும். நானே போட்டுப் பாத்துட்டேன்."

நாத்தனார் நிதானமாகக் கேட்டாள்: "கணக்கு பிடிபடாம போயிருந்தா?"

கத்திரியக்கா விரலில் ஒட்டியிருந்த சாக்குத்தூளைப் புடவையில் துடைத்தாள்.

"ஜோசியரைக் கேட்டீங்க, கணக்கைக் கேட்டீங்க. பக்கத்துலயே உக்காந்து தச்சுக்கிட்டிருந்தேனே அண்ணி, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

உள்ளே மணி அடித்தது. மெஷின் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள்.