ஓத்சூனே இமைத்த கதை

எங்கள் அனிமேஷன் ஸ்டுடியோவில், மரியாதையோடு மினெகிஷி சான் என்று நாங்கள் கூப்பிடும் பெரியவரிடம் யாரும் வாய் கொடுப்பதில்லை. ஓகிகுபோ ரயில் நிலையத்துக்குப் பின்னால், துணி வெளுக்கும் கடையின் மாடியில் முப்பத்தோரு வருடமாக அவருக்கு ஒரே வேலை. ஒரு முக்கிய ஓவியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் அசைவுக்காக வரும் படங்களைச் சரிபார்ப்பார். எந்தக் கதாபாத்திரத்துக்காவது கண் இமைக்காமல் விட்டிருந்தால், கேட்காமலே மூன்று தாள் வரைந்து சொருகிவிடுவார். "பாவம், கண்ணு காஞ்சு போயிடாதா?" என்பார். அவர் தாள்களுக்கு வண்ணம் தீட்டும் எனக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம்.

அந்த வருடம் நாங்கள் செய்த அனிமே தொடரில், மனிதத் தோல் போர்த்திய பூதங்கள் ஊருக்குள் ஒளிந்து வாழும். உருளைக்கிழங்கு கொரொக்கே பொரித்து விற்கும் ஓத்சூனே அவற்றில் ஒருத்தி. பூதங்கள் இமைக்காது, அதை வைத்துத்தான் பத்தாம் பகுதியில் பூதங்களைத் தேடிக் கொல்லும் வேட்டைக்காரன் அவளைக் கண்டுபிடித்து வெட்டுவதாக இருந்தது. ரகசியம் கசியக் கூடாதென்று இயக்குநர் குசுமோத்தோ எங்களிடம்கூடச் சொல்லவில்லை. பெரிய ராஜதந்திரம்! எட்டுப் பகுதிவரை ஓத்சூனேவின் படங்களை அவரே பார்த்து அனுப்பினார். ஒன்பதாவதின்போது காய்ச்சலில் படுத்துவிட்டதால், அந்தப் படங்கள் மினெகிஷி சானிடம் வந்தன.

ஒன்பதாம் பகுதி ஒளிபரப்பான மறுநாள் குசுமோத்தோ முகம் சிவக்க வந்து நின்றார்.

"ஓத்சூனேவை இமைக்க வெச்சது யாரு?"

"நான்தாங்க," என்றார் மினெகிஷி சான்.

"அவ பூதம்ங்க! 'நீ ஒரு தடவைகூட இமைக்கல'ன்னு சொல்லித்தான் அவளை வெட்டணும். நாளைக்குப் பத்தாவதோட குரல் பதிவு. இப்ப நான் என்ன பண்றது?"

மினெகிஷி சான் எழுந்து இடுப்பு வளையக் குனிந்தார்.

"தப்புதான். நான் வேலையை விட்டுடறேன். ஆனா, அவ பொரிச்சுக் குடுத்ததை, கடைக்கு வர்ற ஒரு குட்டிப் பொண்ணு ஊதி ஊதித் தின்னுது. அதைப் பாத்துட்டு அவ எப்படி மரம் மாதிரி நிப்பா? வரையற எனக்கே முடியலியே."

குசுமோத்தோ திரும்பி வெளியே போய்விட்டார். மினெகிஷி சான் பென்சில்களைப் பொறுக்கிப் பைக்குள் வைக்க ஆரம்பித்தார்.

சாயங்காலம் இயக்குநர் ஒரு காகிதத்தோடு திரும்பி வந்தார். அதில் மாற்றி எழுதிய காட்சியில் வேட்டைக்காரன் வாளை ஓங்கியபடி கேட்கிறான்: "உங்க இனமே இமைக்காது. நீ மட்டும் ஒரே ஒரு தடவை இமைச்சே. ஏன்?" வாள் அந்தரத்திலேயே நிற்கிறது.

"அதுக்கு அவ என்ன சொல்றா?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல. இன்னொரு தடவை இமைக்கிறா." மினெகிஷி சானின் பையை எடுத்து மேஜைக்கடியில் தள்ளினார். "மூணு தாளுங்க. இந்தத் தடவை நானே கேக்கறேன்."

மூடிய இமைக்கு நான் வண்ணம் வைத்தேன். ஓத்சூனே பிழைத்துக்கொண்டாள்.