கார் கிளம்பாத கலியாணக் காலை

என் வீட்டுக்காரர் ரோட்டு ஓவர்சியர். தோட்டத்துத் துரை ஒருவர் கழித்துவிட்ட பழைய காரை வாங்கி, அதை எந்நேரமும் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார். கதிரவெளியில் என் தங்கைக்குக் கலியாணம் வந்தது. அதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, எஞ்சினுக்குள் கரி பிடித்துவிட்டது, சுரண்டவேண்டும் என்று தொடங்கிவிட்டார்.

பிளக்குகளுக்குப் போகும் கம்பிகள் நான்கு. அவை இடம் மாறக்கூடாதாம். என் தையல் பெட்டியிலிருந்து நான்கு நிற நூல் எடுத்தார். ஒவ்வொரு கம்பியிலும், அது சேரவேண்டிய இடத்துக்குப் பக்கத்திலும் ஒரே நிற நூலைக் கட்டினார்.

கலியாணத்தன்று காலை ஏறாவூரில் எங்கள் வாசலில் நான் பட்டுச்சீலையோடு காருக்குள் ஏறி உட்கார்ந்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முன்பக்கம் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினார். கார் இருமியது. பிறகு 'டுமீல்' என்று வெடித்தது. கோழிகள் கூரையில் ஏறின.

பக்கத்து வளவில் நெசவு செய்யும் முஸ்லிம் அண்ணரை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் தறியை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"தம்பி, யாரச் சுட்டீங்க?"

"காக்கா, இது கார்."

"நான் உங்க மாமியாராக்கும் எண்டு பயந்துட்டன்."

பிறகு அவரும் சேர்ந்து சுழற்றினார். பெற்றோல் வருகிறதா என்று பார்த்தார்கள், வந்தது. பிளக்கில் பொறி பறந்தது. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி. காக்காவின் தாடி ஓரம் கருகிவிட்டது. பனிச்சங்கேணித் துறையில் காரை அக்கரை சேர்க்கும் தெப்பத்தைத் தவறவிட்டால் கலியாணத்தையே மறக்கவேண்டியதுதான்.

பொறுமை கெட்டு நானே இறங்கிப் போய் எட்டிப் பார்த்தேன்.

"இஞ்ச பாருங்க, சிவப்பு நூலையும் பச்சை நூலையும் மாத்திப் பூட்டியிருக்கீங்க."

"இல்ல புள்ள. சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை. வடிவாப் பாத்துத்தான் பூட்டினன்."

"இது என்ன நிறம்?"

"சிவப்பு."

"காக்கா, நீங்க சொல்லுங்க."

காக்கா நூலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "தம்பி, இது வாழையிலைப் பச்சை."

என் வீட்டுக்காரர் இரண்டு நூலையும் வெயிலில் பிடித்துப் பார்த்தார். "ஒண்டு ஒல்லுப்போல, கொஞ்சம் மங்கல். அவ்வளவுதானே வித்தியாசம்?" என்று மெல்லக் கேட்டார்.

எனக்கு உடனே என் கலியாணக் கூறைச்சீலை நினைவுக்கு வந்தது. சிவப்புக் கூறை எடுத்து வருகிறேன் என்று போனவர் பச்சையில் கொண்டுவந்தார். ஓவர்சியர் மாப்பிள்ளை, பட்டணத்துப் புதுமோஸ்தராக இருக்கும் என்று எங்கள் சனம் வாயை மூடிக்கொண்டது. அம்மா மட்டும் ஒரு மூச்சு அழுதார். அதைச் சொல்லிச் சொல்லி நான் சிரித்ததில் கண் மை வழிந்து கன்னத்துக்கு வந்துவிட்டது. காக்கா சிரித்துச் சிரித்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அப்ப அது சிவப்பில்லையா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

கம்பிகளை நான் மாற்றிப் பூட்டினேன். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து, பந்தியும் பாதி எழும்பியிருந்தது. தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் நேரே அவளிடம் போய், நடந்ததை ஒன்றும் மறைக்காமல் தன் வாயாலேயே சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் மாலை அறுந்தது. பிறகு பொழுதுசாயும்வரை ஆளாளுக்கு வெற்றிலை, மிளகாய், சீலைத் தலைப்பு என்று அவர் முன்னால் நீட்டி நிறம் கேட்டார்கள். அவரும் சளைக்காமல் பிழையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.